கண்ணாடித் தொட்டியில் ஒரு குடும்பம்

பலவகை மீன்களை ஒரே கண்ணாடித் தொட்டியில் வளர்ப்போர் அடிக்கடி கூறும் முறையீடு ஒன்றுண்டு. "மூன்று மாதம் சாதுவாக இருந்த மீன், திடீரென்று வெறி பிடித்ததுபோல் மற்ற மீன்களை விரட்டிக் கடிக்கிறது, வாலும் துடுப்பும் கிழிந்து இரண்டு செத்தும் போயின" என்பதே அது. நோய் என்று கருதி மருந்து ஊற்றுவோர் உளர். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று கருதி, அந்த மீனை வாளியில் அள்ளிச் சென்று தோட்டத்துக் கால்வாயில் விட்டுவிடுவோரும் உளர். பெரும்பாலான வேளைகளில் அந்த மீனுக்கு நோயும் இல்லை, வெறியும் இல்லை. அது முட்டையிட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

மீன் இனங்களில் மிகப் பல, முட்டைகளை நீரில் விட்டுவிட்டுத் தம் வழியே போய்விடுவன. சிக்லிட் என்னும் குடும்பத்தைச் சேர்ந்த மீன்களோ அவ்வாறு செய்வதில்லை. முட்டைக்குக் காவலிருந்து, குஞ்சு பொரித்த பின்னும் வாரக்கணக்கில் அதனை மேய்த்து வளர்ப்பவை இவை. உலகில் 1,600க்கும் மேற்பட்ட சிக்லிட் இனங்கள் இதுவரை அறியப்பட்டுள்ளன. ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் மத்திய அமெரிக்காவும் இவற்றின் முக்கியத் தாயகங்கள். இந்தியாவுக்கு உரிய இனங்கள் மூன்றே. தென்னிந்தியாவின் கழிமுகங்களிலும் காயல்களிலும் ஆறுகளிலும் அவை வாழ்கின்றன. அவற்றுள் இரண்டு இலங்கையிலும் உண்டு.

நமது நாட்டுக்குச் சொந்தமான சிக்லிட் ஒன்றும் இல்லை. ஆனால் நாம் அனைவரும் அறிந்த சிக்லிட் ஒன்று உண்டு. அதுவே திலாப்பியா. ஆப்பிரிக்காவிலிருந்து ஜாவாத் தீவுக்கு வந்து சேர்ந்த அந்த மீன், ஜப்பானியர் ஆட்சி நடந்த 1942க்கும் 1945க்கும் இடையில் ஜாவாவிலிருந்து மலாயாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதனாலேயே மக்கள் அதற்கு 'ஜப்பான் மீன்' என்று பெயரிட்டனர். அவ்வாறு வந்த திலாப்பியாவின் தாய், முட்டைகளை வாய்க்குள் அள்ளி அடைகாக்கும். குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய பின்னரும், ஆபத்து நேர்ந்தால் தாயின் வாய்க்குள் ஓடி ஒளிந்துகொள்ளும். ஈயக்குட்டை ஓரத்தில் தூண்டிலுடன் அமர்ந்திருந்தவர்கள் இதனைக் கண்டிருக்கக்கூடும்.

திலாப்பியா வீட்டுத் தொட்டிக்கு ஏற்றதன்று. தொட்டிக்கென்று விற்கப்படும் சிறிய சிக்லிட்டுகள் வேறு. நாம் இங்கு எடுத்துக்கொள்வது கிரிபென்சிஸ் என்று கடைகளில் வழங்கும் மீன். இதன் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. சிறப்பாக நைஜீரியாவின் தென்பகுதி ஆறுகளும் ஓடைகளும். கேமரூன் நாட்டில் கிரிபி என்றோர் ஊர் உண்டு. அவ்வூரை ஒட்டி நெருங்கிய உறவு மீன் ஒன்றுக்கு இடப்பட்ட பெயர், வணிகர் வாயில் இந்த மீனுக்கும் ஒட்டிக்கொண்டது. ஆண் ஏறத்தாழ 10 செ.மீ. வரை வளரும். பெண் அதனினும் சிறியது, உருண்டை வடிவானது. பெண்ணின் வயிறு முட்டையிடும் பருவத்தில் செர்ரிப் பழம் போல் சிவந்துவிடும். ஆணின் முதுகுத் துடுப்பு கூர்ந்து பின்னால் நீண்டிருக்கும். இந்த இரண்டையும் பார்த்தாலே ஆண் பெண் பிரித்தறியலாம்.

இந்த மீன் குகையில் முட்டையிடுவது. குகை என்றதும் பெரிய ஏற்பாடு என்று எண்ண வேண்டியதில்லை. ஒரு கண்ணை மட்டும் சிறிது பெரிதாக்கிய தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைத்தால் போதும். புதிய பால் மங்கு ஒன்றின் விளிம்பில் ஒரு துண்டை உடைத்தெடுத்துவிட்டுக் கவிழ்த்தும் வைக்கலாம். புதியது என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மரத்தில் தொங்கிய மங்கில் ரப்பர்ப் பாலும் அமிலமும் அமோனியாவும் பட்டிருக்கும். எவ்வளவு கழுவினாலும் அதனைத் தொட்டிக்குள் வைப்பது நன்றன்று. குகை வாயில் சிறியதாக, ஒரு மீன் நுழையும் அளவே இருத்தல் வேண்டும். அகன்ற வாயில் உள்ள குகையைப் பெண் மீன் விரும்புவதில்லை. காவல் காப்பது கடினம் என்று அதற்குத் தெரியும் போலும்.

குகைக்குள் நடப்பது

இந்த இனத்தில் முதலில் அழைப்பு விடுப்பது பெரும்பாலும் பெண்ணே. உடலை வளைத்து, சிவந்த வயிற்றை ஆணுக்குக் காட்டி, நடுக்கம் வந்ததுபோல் துடிக்கும். ஆண் இணங்கியபின் இரண்டும் சேர்ந்து குகையிலுள்ள மணலை வாயால் அள்ளி வெளியே துப்பும். தொட்டியின் அடிமணல் ஓரிடத்தில் மேடாகவும் ஓரிடத்தில் குழியாகவும் மாறியிருப்பதைக் கண்டால், வேலை தொடங்கிவிட்டது என்று அறியலாம். மணலை நாம் சமன்படுத்தி வைத்தால், மறுநாளே அவை பழையபடி ஆக்கிவிடும்.

முட்டைகள் குகையின் கூரையில் ஒட்டவைக்கப்படும். எண்ணிக்கை 50 முதல் 200 வரை இருக்கலாம்; முதன்முறை இடும் பெண் குறைவாகவே இடும். அதன்பின் பெண் குகைக்குள்ளேயே தங்கிவிடும். துடுப்பால் நீரை விசிறி முட்டைகளுக்குப் புதுநீர் பாயச் செய்வதும், பூஞ்சை பிடித்த முட்டையை வாயால் பொறுக்கி அகற்றுவதும் அதன் பணி. ஆண் வெளியே வட்டமிட்டு எல்லையைக் காக்கும். மூன்று நாள் அளவில் முட்டை பொரியும். பொரித்தவுடன் குஞ்சு நீந்துவதில்லை. வயிற்றில் கருவுணவுப் பையைச் சுமந்துகொண்டு குகைத் தரையில் குவியலாகத் துடித்துக்கொண்டிருக்கும். முட்டையிட்டதிலிருந்து ஏழு அல்லது எட்டாம் நாளில், திடீரென்று ஒரு மாலையிலோ காலையிலோ, தாய் ஒரு சிறு மேகத்தை இழுத்து வருவதுபோல் குஞ்சுகளோடு வெளியே வரும். தொட்டி வளர்ப்போருக்கு அதற்கு இணையான காட்சி வேறொன்றில்லை.

இக்காலத்தில் தாய்க்கும் குஞ்சுக்கும் இடையே ஒரு மொழியே நிலவுகிறது. ஆபத்து என்று கண்டால் தாய் உடலை ஒருமுறை வெட்டென உதறும். அந்தக் கணமே குஞ்சுகள் அனைத்தும் தரையில் விழுந்து அசையாமல் கிடக்கும். மணலின் நிறமும் குஞ்சின் நிறமும் ஒன்றாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. இருள் கவியத் தொடங்கியதும் பெற்றோர் குஞ்சுகளை வாய் நிறைய அள்ளிக் குகைக்குள் கொண்டுபோய்த் துப்பும். இதனைப் புதிதாகக் காண்போர், 'பெற்ற குஞ்சையே தின்கிறது' என்று பதறிப்போய் மீனைப் பிடித்து அகற்றிவிடுவதுண்டு. அவசரப்படாமல் ஒரு நிமிடம் பார்த்தால் போதும். விழுங்கியதா, வீட்டுக்குக் கொண்டுபோனதா என்பது விளங்கிவிடும்.

ஆஸ்திரிய விலங்கியல் அறிஞர் கொன்ராட் லோரன்ஸ், 1973ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர். விலங்குகளைப் பற்றி 1949இல் வெளிவந்த தமது நூலில் அவர் ஒரு நிகழ்ச்சியைக் குறித்துள்ளார். இதே குடும்பத்தைச் சேர்ந்த, நகைமீன் எனத்தக்க ஓர் ஆப்பிரிக்கச் சிக்லிட்டின் தந்தை, அந்தி வேளையில் வழிதவறிய குஞ்சுகளைத் தேடிக் கொண்டுவந்து கொண்டிருந்தது. லோரன்ஸ் மண்புழுத் துண்டுகளைத் தொட்டியில் போட்டார். தந்தை மீன் ஒரு துண்டைக் கவ்வி மென்றுகொண்டிருக்கையில், தனியே நீந்திய குஞ்சு ஒன்று கண்ணில் பட்டது. உடனே பாய்ந்து அதனையும் வாய்க்குள் எடுத்துக்கொண்டது. இப்போது வாயில் இரண்டு. ஒன்று வயிற்றுக்குச் செல்ல வேண்டியது, மற்றொன்று வீட்டுக்கு. மீன் அசையாமல் நின்றது. பின்னர் இரண்டையும் கீழே துப்பியது. புழுவை நிதானமாகத் தின்றது, தின்னும்போதே ஒரு கண் குஞ்சின் மேல் இருந்தது. தின்று முடித்ததும் குஞ்சை எடுத்துக்கொண்டு வீட்டுக்குச் சென்றது. மீனுக்கு அறிவில்லை என்போர் இதற்கு என்ன விடை கூறுவார்களோ, நாம் அறியோம்.

அண்டை அயலார்

இனி நம் முறையீட்டுக்கு வருவோம். பால் வெட்டுக் காட்டில் ஒருவர் நிரையில் மற்றவர் கத்தி வைப்பதில்லை. நிரை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அனைவரும் அறிவர். முட்டையிட்ட இணையும் அவ்வாறே தனக்கென்று ஒரு நிரை பிடித்துக்கொள்கிறது. வேறுபாடு என்னவெனில், அந்த எல்லையை மற்ற மீன்களுக்கு யாரும் அறிவித்திருக்கவில்லை. பிறகு ஒதுங்கிப் போவதற்கு இடமும் இல்லை. ஓடையில் விரட்டப்பட்ட மீன் இரண்டு பாகம் நீந்தினால் தப்பிவிடும். தொட்டியில் இரண்டு சாண் நீந்தினால் கண்ணாடிச் சுவர். விரட்டுகிற மீனின் கண்ணுக்கு, விரட்டப்பட்டது இன்னும் போகவில்லை என்றே தோன்றும். ஆகவே மீண்டும் கடிக்கிறது. கொடுமை மீனிடத்தில் இல்லை, தொட்டியின் அளவில் உள்ளது.

60 செ.மீ. நீளமுள்ள தொட்டியில், முட்டைப் பருவத்தில் இணை ஏறத்தாழப் பாதித் தரையைத் தனதாக்கிக்கொள்ளும். குஞ்சுகள் வெளியே வந்தபின் குடும்பம் நகருமிடமெல்லாம் எல்லையும் நகர்வதால், முழுத்தொட்டியும் அதற்கே உரியதாகிவிடும். 90 செ.மீ. தொட்டியாயின் மற்றவை ஒரு மூலையில் பிழைத்துக் கிடக்கலாம். ஆனால் 90க்கு 30க்கு 40 செ.மீ. என்ற அளவுள்ள தொட்டி 108 லிட்டர் நீர் கொள்ளும். கண்ணாடியும் மணலும் சேர்ந்தால் 120 கிலோவைத் தாண்டும். பழைய மேசை அதனைத் தாங்காது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

யார் அதிகம் அடிபடுகிறார்கள்? தரையில் மேயும் சிறு கெளிறுகளே. கோரிடோராஸ் என்று விற்கப்படும் அந்தச் சாதுக்களுக்கு, சிக்லிட்டின் மிரட்டல் மொழி விளங்குவதில்லை. துடுப்பை விரித்து, செவுளைப் புடைத்து எச்சரித்தாலும் அவை பாட்டுக்கு மணலைக் கிளறிக்கொண்டு குகை வாயிலுக்கே வந்து நிற்கும். கண்ணிழந்து போவதும் உண்டு. இரவில் நிலைமை தலைகீழாகும். இருட்டில் சிக்லிட்டுக்குப் பார்வை போதாது. மீசையால் தடவி இரை தேடும் கெளிறுக்கு இருட்டு ஒரு தடையன்று. முட்டையும் குஞ்சும் அதற்கு நல்ல உணவு. ஆகவே இவை இரண்டையும் ஒரே தொட்டியில் வைத்து இனப்பெருக்கம் எதிர்பார்ப்பது இரு சாராருக்கும் தீங்கு. நீரின் மேல்மட்டத்தில் நீந்தும் வரிக்குதிரை மீன் போன்ற விரைவான சிறு மீன்களே பொருத்தமான அயலார்.

அப்படியானால் மற்ற மீன்கள் அனைத்தையும் அகற்றி, இணையை மட்டும் தனியே விட்டுவிட்டால் தொல்லை தீருமல்லவா என்று கேட்கலாம். தீராது என்பதே வளர்ப்போர் பலரின் அனுபவம். விரட்டுவதற்கு எவரும் இல்லாதபோது, காவலுக்கென்று எழுந்த சினம் இணைக்குள்ளேயே பாய்கிறது. குஞ்சுகள் யாருடையவை என்று போட்டியிடுவதுபோல் பெண் ஆணை விரட்டும். ஆண் பெண்ணை விரட்டும். ஒன்று மற்றொன்றைக் கொன்றுவிடுவதும் உண்டு. தொலைவில் எதிரி ஒருவன் தெரிந்துகொண்டிருக்கும் வரை தாயும் தந்தையும் ஒற்றுமையாக இருக்கும். ஆகையால் நாம் பரிந்துரைப்பது இதுதான்: கெளிறுகளையும் தரைமட்ட மீன்களையும் வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு, மேல்மட்ட மீன்கள் ஐந்தாறை மட்டும் விட்டுவைத்தல். அவை சில குஞ்சுகளைத் தின்னும். தின்னட்டும். 100 குஞ்சுகளையும் வளர்க்க நம்மிடம் இடமில்லை. 20 பிழைத்தாலே தொட்டி நிறைந்துவிடும்.

இணையைக் குஞ்சுகளோடு வேறு தொட்டிக்கு மாற்றுவது மட்டும் கூடாது. இடம் பெயர்ந்த அச்சத்தில் பெற்றோரே குஞ்சுகளைத் தின்றுவிடுவது வழக்கம். முதல் ஈட்டை இளம் பெற்றோர் தின்றுவிடுவதும் வழக்கமே. அதற்காக மீனைக் குறைகூற வேண்டியதில்லை. சில வாரங்களில் மீண்டும் முட்டையிடும். இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ தேர்ந்துவிடும்.

நம் வீடுகளுக்கே உரிய சில தடைகளும் உள்ளன. பால் வெட்டப் போவோர் வீட்டில் விடியற்காலை நான்கரை மணிக்கே விளக்கு எரியும். இருட்டிலிருந்து திடீரென்று வெளிச்சம் பாய்ந்தால் பெற்றோர் மிரண்டு ஓடும், குஞ்சுகள் சிதறும். இரவில் தொட்டி விளக்கை அணைத்ததும் அறை முழுதும் இருண்டுவிட்டாலும் அவ்வாறே. வெளியில் மேய்ந்த குஞ்சுகள் வீடு திரும்ப முடிவதில்லை. தொட்டி விளக்கை அணைத்தபின் கூடத்து விளக்கு அரைமணி நேரம் எரியட்டும். காலையில் கூடத்து விளக்கை ஏற்றுமுன், தொட்டியின் மேல் ஒரு துணியைப் போர்த்தியிருந்தால் போதுமானது. பிள்ளைகள் கண்ணாடியைத் தட்டாமல் பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்பு.

கொசுவுக்குப் புகையடிக்கும் நாளில் தொட்டியை ஈரத்துணியால் மூடி, காற்றுப் பம்பைச் சிறிது நேரம் நிறுத்திவைக்க வேண்டும். வீட்டில் தெளிக்கும் கொசு மருந்து மனிதருக்குத் தரும் தீங்கைவிட மீனுக்குத் தரும் தீங்கு பன்மடங்கு பெரிது. களைக்கொல்லி தெளித்துவிட்டு வந்தவர், கையைச் சோப்பிட்டு நன்கு கழுவாமல் தொட்டிக்குள் கைவிடலாகாது.

நீரும் தீனியும்

குழாய் நீரிலுள்ள குளோரின் மீனின் செவுளை அரிக்கும். ஒரு நாள் வாளியில் திறந்து வைத்தோ, கடையில் விற்கும் மருந்தைக் கலந்தோ பயன்படுத்த வேண்டும். வாரம் ஒருமுறை தொட்டி நீரில் ஐந்தில் ஒரு பங்கை மாற்றினால் போதும். தின்னாத தீனியும் மீனின் கழிவும் அழுகினால் உண்டாவது அமோனியா. பால் கெட்டுப்போகாமல் இருக்க ஊற்றும் அதே பொருள்தான். அதன் நெடி நம் மூக்குக்கு எட்டாத அளவிலேயே குஞ்சுகள் மடிந்துவிடும். குஞ்சுகள் இறப்பதற்குக் கடி காரணமாவதைவிட அமோனியா காரணமாவதே அதிகம் என்பது நம் கருத்து.

நீரைப் பற்றிய வியப்பான செய்தி ஒன்றும் உண்டு. நீரின் புளிப்புத் தன்மையைப் பி.எச். என்னும் அளவால் குறிப்பர். 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு மிகும். கிரிபென்சிஸ் குஞ்சுகள் வளரும் நீர் புளிப்பாக இருந்தால் ஆண்கள் மிகுதியாகவும், நடுநிலையை ஒட்டியிருந்தால் பெண்கள் மிகுதியாகவும் தோன்றுவதை 1985இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டிற்று. தென் அமெரிக்காவின் அபிஸ்டோகிராமா என்னும் குட்டிச் சிக்லிட்டுகளில் நீரின் வெப்பமும் இவ்வாறே ஆண் பெண் விகிதத்தை மாற்றுவது 1996இல் வெளியிடப்பட்டது. கெத்தாப்பாங் எனப்படும் நாட்டு வாதுமையின் காய்ந்த இலையை நீரில் போடும் பழக்கம் நம்மிடையே உண்டு. அது நல்லதே, ஆனால் அது நீரைப் புளிப்பாக்கும். மழைநீரையும் சேர்த்து, இலையையும் அள்ளிப் போட்டு, 'எல்லாம் ஆணாகவே இருக்கின்றனவே' என்று வருந்துவோர், காரணத்தைத் தொட்டியில் தேட வேண்டும்.

நீந்தத் தொடங்கிய குஞ்சுக்கு ஏற்ற தீனி ஆர்ட்டீமியா. கடைகளில் டப்பாவில் விற்கப்படும் இதன் முட்டையை உப்பு நீரில் இட்டு, காற்றுப் பம்பு வைத்தால் ஒரு நாளில் பொரியும். விலை சற்று அதிகமே. அவித்த கோழிமுட்டையின் மஞ்சட்கருவை, ஊசிமுனை அளவு எடுத்து நீரில் கரைத்தும் விடலாம். ஒரு துளி மிகுந்தாலும் நீர் கெடும். கொசுப்புழுவை வளர்த்துத் தீனியாக்கும் யோசனை வேண்டாம். டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசு பெருகுவது ஒருபுறமிருக்க, வீட்டில் கொசு பெருக இடங்கொடுப்பது 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டத்தின்படி குற்றமுமாகும். வடிகட்டியின் உறிஞ்சு வாயில் ஒரு பஞ்சைக் கட்டிவைக்க மறக்கலாகாது. மறந்தால் மறுநாள் காலையில் குஞ்சுகள் வடிகட்டிக்குள்ளே கிடக்கும்.

வளர்த்து விற்றால் வருமானம் வருமா என்று கேட்போருக்கு ஒரு சொல். குஞ்சு விற்கும் அளவுக்கு வளர மூன்று நான்கு மாதம் ஆகும். ஒரு சிற்றூர்க் கடை ஒரு வேளையில் வாங்குவதோ சிலவே. வாங்குமா என்று கடையில் முன்னரே கேட்டு வைத்துக்கொள்வது நலம். தீனிச் செலவு ஈடாகும் என்று நம்பலாம். சம்பளத்துக்கு ஈடாகும் என்று நம்பி ஐந்து தொட்டி வாங்க வேண்டாம்.

மிஞ்சிய மீனைக் கால்வாயிலும் ஆற்றிலும் விடக்கூடாது. மயில் கெண்டை போல் கண்புள்ளி வாலுடைய தென் அமெரிக்கப் பெரிய சிக்லிட், பேராக்கின் ஈயக்குட்டைகளில் விடப்பட்டு நிலைத்துவிட்டதை அங்குத் தூண்டில் போடுவோர் அறிவர். நம் நாட்டுச் சிறு மீன்கள் அதற்கு இரையாகின்றன. குஞ்சைக் காத்து வளர்க்கும் இனம், புது நீரில் எளிதில் பெருகிவிடும். தொட்டியில் நாம் போற்றும் அதே குணம், ஆற்றில் மற்ற மீன்களுக்குக் கேடாகிறது. வேண்டாத மீனைக் கடைக்கோ, அடுத்த வீட்டுத் தொட்டிக்கோ கொடுத்துவிடலாம்.

குஞ்சுகள் ஒரு மாதம் அளவில் 1 செ.மீ. எட்டும்போது பெற்றோரின் நடத்தை மாறும். அதுவரை வாயில் அள்ளிக் காத்த தாய், குகைப் பக்கம் வரும் குஞ்சைத் தள்ளி விரட்டத் தொடங்கும். அதன் வயிறு மீண்டும் சிவந்திருக்கும். குகை வாயிலில் புது மணல் குவிந்திருக்கும். அடுத்த ஈட்டுக்கு இடம் ஒழிக்கப்படுகிறது. அன்றே சிறு வலையால் குஞ்சுகளை அள்ளி, பழைய தொட்டியின் நீரையே ஊற்றிய வேறொரு தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். ஒரு நாள் தள்ளிப்போட்டாலும், மூத்த பிள்ளைகளைப் பெற்றோரே கடித்துத் துரத்துவதைக் காண நேரிடும்.